டிக்கெட்டில் பாரிஸ், இறங்குவது போவே: கேள்வி பதில்

நான் காரைக்கால்காரன், பாரிஸ் புறநகரில் பல வருடம் இருந்தவன். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டாலும் பாரிஸில் சொந்தம் இல்லாத தெரு எங்கள் ஊரில் குறைவு. பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெரியவர்கள் அங்கிருந்து ரோம், பார்சிலோனா என்று சுற்றிவர மலிவு டிக்கெட் எடுக்கிறார்கள், அதில் போவே என்ற விமான நிலையத்தின் பெயரைப் பிறகுதான் கவனிக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தம்பி, டிக்கெட்டில் பாரிஸ் போவே என்று இருக்கிறது. மகள் வீட்டுக்குப் பக்கம்தானே? (காரைக்கால்)

இல்லைம்மா. பாரிஸிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டருக்கு மேல். நம்மூரில் பஸ் ஏறிக் கும்பகோணம் தாண்டிப் போகிற தூரம். விமான நிலையத்துப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அதற்குத் தனி டிக்கெட். மகள் பாரிஸில் லா சப்பேல் பக்கம் இருந்தால் கார் து நோர் ஸ்டேஷனில் போவே ரயில் பிடிக்கலாம், ஆனால் போவே ஸ்டேஷனிலிருந்து விமான நிலையத்துக்கு இன்னொரு வண்டி ஏற வேண்டும். பெட்டியோடு போகிறவர்களுக்கு நிலையத்துப் பஸ்தான் நல்லது.

இவ்வளவு தள்ளி ஏன் இறக்குகிறார்கள்? (கும்பகோணம்)

பாரிஸின் சார்ல் து கோல் மாதிரிப் பெரிய விமான நிலையத்தில் கட்டணம் அதிகம், ஓடுபாதைக்கு வரிசை வேறு. சின்ன நிலையத்தில் ஆளை இறக்கி, ஏற்றி, 25 நிமிஷத்தில் திரும்பக் கிளம்பலாம். அப்படி மிச்சம் பிடிக்கிற நேரத்தில் அதே விமானம் அன்றைக்கே இன்னொரு நடை அடித்துவிடும், மலிவு டிக்கெட்டின் கணக்கே அதுதான். மலிவு விமானக் கம்பெனியான ரயன்எயர் 1997-ல் டப்ளினிலிருந்து போவேக்கு ஓட்ட ஆரம்பித்தது. பாரிஸ் மட்டும் இல்லை, ஜெர்மனியில் பிராங்பர்ட் பெயரில் விற்ற ஹான் நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அதனால் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் நிலையத்தின் பெயரையும் படியுங்கள்.

அண்ணே, சென்னையிலிருந்து சார்ல் து கோல் வந்து இறங்கி, மூன்று மணி நேரத்தில் போவேயிலிருந்து ரோம் விமானம். பையன் போட்டிருக்கிறான், சரியாக வருமா? (மயிலாடுதுறை)

வராது, தயவுசெய்து மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட். சென்னையில் போட்ட பெட்டி ரோமுக்குப் போகாது, சார்ல் து கோலில் இமிக்ரேஷன் வரிசை முடித்து, பெட்டியை எடுத்து, இன்னொரு நிலையத்துக்கு நீங்களே கொண்டுபோக வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அது சம்பந்தமே இல்லாத விஷயம், பணம் திரும்பாது. போவேயில் பெட்டி வாங்கும் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு 40 நிமிஷம் முன்பே மூடிவிடுவார்கள். ஒரு தடவை என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது ஏ16 நெடுஞ்சாலையில் விபத்து, எங்கள் பஸ் நகரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் பூட்டியிருந்தது, விமானம் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை, பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், அது இன்னும் மனதில் இருக்கிறது. முதல் நாள் பாரிஸில் தங்குங்கள், மறுநாள் விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே பாரிஸில் பஸ் ஏறிவிடுங்கள்.

மகளுக்கு ஊறுகாய், கருவாடு, பால்கோவா எடுத்துப் போகலாமா? ரோமில் இருக்கும் தங்கைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். (நாகூர்)

ஐரோப்பாவுக்குள் நுழையும்போது பால்கோவா, நெய் இரண்டும் கூடாது, வெளிநாட்டுப் பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் தடை. மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, கருவாடு அதில் வரும். நாற்றம் வெளியே வராமல் கட்டுங்கள். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். ரயன்எயரில் இலவசப் பை 40x30x20 சென்டிமீட்டர், ஒரு கட்டைப்பையே அதைத் தாண்டிவிடும். தங்கைக்குக் கொடுக்க வேண்டியது நிறைய இருந்தால் பெட்டிக்கு டிக்கெட்டோடு சேர்த்தே பணம் கட்டுங்கள், கடைசி நேரத்தில் கட்டினால் டிக்கெட் விலையையே மிஞ்சலாம்.

ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாதான். போவேயிலிருந்து டப்ளின் போய்வர முடியுமா சார்? (மன்னார்குடி)

முடியாது சார். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அயர்லாந்து அதில் இல்லை, அந்த நாட்டுக்குத் தனி விசா. அது இருந்தாலும், ஷெங்கனை விட்டு வெளியேறியதும் உங்கள் விசா தீர்ந்தது, பாரிஸ் திரும்ப விடமாட்டார்கள். லண்டனுக்கும் இதே கதை. ரோம், பார்சிலோனா என்றால் தாராளமாகப் போகலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், கவுண்டரில் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு அப்புறம் பாதுகாப்புச் சோதனைக்குப் போங்கள்.

காலை 6.30 விமானம். ராத்திரியே போய் அங்கே படுத்துக்கொள்ளலாமா? (திருவாரூர்)

ராத்திரி நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள், குளிர்காலத்தில் வெளியே நிற்பதை நினைக்கவே வேண்டாம். போவே ஊருக்குள் அறை எடுங்கள், அந்தச் செலவையும் சேர்த்த பிறகு பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போகிற டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விமானம் நான்கு மணி நேரம் தாமதம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இழப்பீடு உண்டா? (காரைக்கால்)

உண்டு தம்பி. பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டர் வரைக்கும் ஆளுக்கு 250 யூரோ. டிக்கெட் 20 யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் அதே தொகை. வானிலை போன்ற காரணம் என்றால் பணம் கிடையாது, ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு தர வேண்டும். போர்டிங் பாஸை அழிக்காமல் வைத்துக்கொண்டு கம்பெனியின் இணையதளத்திலேயே நேராக எழுதுங்கள், நடுவில் ஏஜென்ட் வேண்டாம்.