சீக்குக் குஞ்சைக் கையில் எடுத்தவுடன் என்ன செய்வது? – கேள்வி பதில்

பின்கட்டில் பதினெட்டு வருஷமாக நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. காப்பாற்றியதும் உண்டு, அவசரப்பட்டுக் கொன்றதும் உண்டு. இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பொரித்து மூன்று நாள்தான் ஆகிறது. ஒரு குஞ்சு மட்டும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்?

மருந்தை அப்புறம் பார்ப்போம். முதலில் கையில் எடுத்து அதன் காலைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் அதற்கு வேண்டியது சூடு. முதல் வாரத்துக் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து, ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்க விடுங்கள். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், குஞ்சுக்குப் போதுமான சூட்டைத் தராது. பழைய பல்பு கடையில் கிடைக்கவில்லை என்றால், வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கு எப்படியும் இது ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

சூடு சரியா என்று குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கடியில் ஒடுங்கிக் கிடந்து கீச் கீச்சென்று விடாமல் கத்தினால் போதவில்லை. வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு எதிர்மூலைக்கு ஓடினால் அதிகம். அதனால்தான் ஒரு மூலையில் மட்டும் சூடு வைக்கச் சொல்கிறேன். வேண்டாதபோது விலகிப் போக இடம் இருக்கும்.

கேள்வி: சாப்பிடவே மாட்டேன் என்கிறது. வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

நான் கொன்றது இப்படித்தான். தொடக்கத்தில் ஒருமுறை, துவண்டு கிடந்த குஞ்சின் அலகைப் பிரித்து இங்க் ஃபில்லரால் தண்ணீரை உள்ளே பீய்ச்சினேன். இரண்டு முறை தும்மியது, மூக்கில் நுரை வந்தது, உள்ளங்கையிலேயே போய்விட்டது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதலில் உடம்பு சூடேறட்டும். குளிர்ந்த குஞ்சுக்கு உள்ளே போன தீனி செரிக்காமல் அப்படியே தங்கிப் புளிக்கும். கால் வெதுவெதுப்பான பிறகு தண்ணீர். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட்டும் சரிதான். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அலகின் ஓரத்தில் வையுங்கள். சொட்டு தானாக அலகு இடுக்கில் இறங்கும், குஞ்சு தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. பொறுமை இல்லாதவர்கள் வீட்டில் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.

பொரித்து இரண்டு நாள் வரை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே அதற்குச் சாப்பாடு. உங்கள் குஞ்சு அதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் ஒரு மணி நேரம் தாமதித்தால் பட்டினியில் சாகாது. தெம்பு வந்ததும் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, கொஞ்சம் நொய்யோடு பிசைந்து முன்னால் வைத்து, விரலால் தரையைத் தட்டுங்கள். தாய்க்கோழி கொத்திக் காட்டுகிற மாதிரி. பெரும்பாலும் வந்து கொத்தும்.

கேள்வி: பின்பக்கம் எச்சம் காய்ந்து ஆசனவாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிய்த்து எடுத்துவிடவா?

பிய்க்காதீர்கள், தோலோடு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தால் ஊறித் தானே கழன்றுவிடும். ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். அதற்குச் சற்றுக் கீழே வயிற்றுப் பக்கம் காய்ந்த நூல் மாதிரி ஏதாவது தொங்கினால் அது தொப்புள். அதைத் தொடக்கூடாது.

கேள்வி: இரண்டு காலும் பக்கவாட்டில் அகன்று தவளை மாதிரி கிடக்கிறது. பிறவி ஊனமா?

எதில் பொரித்தது, கீழே என்ன விரித்திருக்கிறீர்கள்? நியூஸ்பேப்பர் என்பீர்கள். வழுக்கும் தரையில் கால் ஊன்ற முடியாமல் இப்படி ஆகிற குஞ்சுகள் நிறைய. முதலில் பேப்பரை எடுத்துவிட்டுச் சாக்கோ பழைய துண்டோ போடுங்கள்.

அப்புறம், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லிய பட்டையாக வெட்டி, ஒரு முனையை ஒரு காலிலும் மறுமுனையை மற்றக் காலிலும் சுற்றி ஒட்டுங்கள். நடுவில் ஒரு அங்குலம் போல இடைவெளி, அதாவது நல்ல குஞ்சு நிற்கிற அகலம். முதலில் தொப்பென்று மூக்குக் குப்புற விழும், பார்க்கப் பாவமாக இருக்கும். அரை நாளில் பழகிவிடும். தினம் ஒருமுறை அவிழ்த்து, விரல்கள் வீங்கவில்லை என்று பார்த்துத் திரும்பக் கட்டுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் நேராகிவிடும், ஆனால் பொரித்த ஓரிரு நாளிலேயே தொடங்க வேண்டும். ஒரு வாரம் தாண்டி எலும்பு இறுகிவிட்டால் கட்டிப் பெரிதாகப் பயனில்லை.

கால் நேராக இருந்து விரல்கள் மட்டும் உள்பக்கம் சுருண்டிருந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் வைட்டமின் பி2 குறைவு. கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால், ஆரம்பத்தில் பிடித்தவை சில நாளிலேயே தேறும்.

கேள்வி: பூனை கவ்வியதைப் பிடுங்கிவிட்டேன். முதுகில் சின்னதாக இரண்டு ஓட்டைதான். மஞ்சள் வைத்தால் போதுமா?

போதாது. பருந்து கிழித்த பெரிய காயம் பயமாகத் தெரியும், ஆனால் ஆறிவிடும். பூனைப்பல் பதிந்த காயம் ஊசி குத்தினது போலத்தான் இருக்கும்; எச்சிலில் உள்ள கிருமி ஆழத்தில் இறங்கி ஓரிரு நாளில் குஞ்சைக் கொண்டுபோய்விடும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவை. அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையைப் பொடித்துக் குத்துமதிப்பாகக் கொடுக்காதீர்கள். நாற்பது கிராம் உயிருக்குக் குத்துமதிப்பு என்பதே கிடையாது.

அதுவரை செய்ய வேண்டியது: அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்துக் கழுவுங்கள். போவிடோன் அயோடினைப் பால் விடாத டீயின் நிறத்துக்குத் தண்ணீர் விட்டு இளக்கித் தடவுங்கள். காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது, புழு வைக்காது. முக்கியமாகத் தனியே வையுங்கள். சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்ததே கொத்தித் தின்னும்.

கேள்வி: ஒரு மாதக் குஞ்சுகள். எச்சத்தில் ரத்தம். கொஞ்சம் வைட்டமின் கலந்து கொடுத்துவருகிறேன்.

வைட்டமினை இன்றே நிறுத்துங்கள். மூன்று முதல் ஆறு வாரத்தில் வரும் ரத்தக் கழிச்சல் பெரும்பாலும் ஈரத் தரையால் பெருகும் குடல் ஒட்டுண்ணி. ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் குடிதண்ணீரில், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் ஐந்து முதல் ஏழு நாள் கொடுப்பார்கள். அது ஒட்டுண்ணிக்கு பி1 கிடைக்காமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது. நீங்கள் ஒரு கையால் மருந்தும் மறு கையால் பி1 வைட்டமினும் கொடுத்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். மருந்து முடிந்த பிறகு வைட்டமின் கொடுக்கலாம். கீழே கிடக்கும் நனைந்த தேங்காய் நாரையும் உமியையும் மொத்தமாக அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். இதைச் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமும் இதே கேள்வியைக் கேட்பீர்கள்.

கேள்வி: கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக. மாமியார் சின்ன வெங்காயம் கொடுக்கச் சொல்கிறார்.

துளி வெங்காயத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அது இந்த நோய்க்கு மருந்தும் இல்லை. கழுத்து மட்டும் திரும்பியிருந்தால் வைட்டமின் குறைவு என்று நம்பலாம். பச்சை வெள்ளைக் கழிச்சலும் சேர்ந்தால், அதிலும் ஒன்றுக்கு மேல் படுத்துவிட்டால், வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ராணிக்கெட் என்று எழுதுவார்களே, அதுதான். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. சீக்கானதைத் தூரமாகப் பிரித்து வையுங்கள். நல்ல குஞ்சுகளுக்குத் தீனி போட்ட பிறகே இதனிடம் போங்கள், திரும்பி வந்தால் கைகால் கழுவுங்கள். செத்ததைக் குப்பையில் எறியாமல் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கொத்துக் கொத்தாகச் செத்தால் எதையும் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா போட்டுவிடுங்கள், இந்த நோய்க்கான தடுப்பு மருந்து அது. பெரியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிப்ரவரியில் அரசுத் தடுப்பூசி முகாம் நடக்கும், தவறவிடாதீர்கள்.

கேள்வி: தேறிவிட்டது அக்கா! ஆனால் தாயிடம் விட்டால் கொத்தித் துரத்துகிறது.

பகலில் விட்டிருப்பீர்கள். நான்கு நாள் பிரிந்திருந்தால் தாய்க்கு அது அடுத்த வீட்டுக் குஞ்சு. இருட்டிய பிறகு, தாய் மற்றவற்றை இறக்கைக்குள் வைத்துப் படுத்திருக்கும்போது, பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையை) ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, பின்பக்கமாகக் கைவிட்டு வயிற்றுக்கடியில் செருகிவிடுங்கள். டார்ச் அடிக்காதீர்கள். விடிகாலையில் நீங்கள் முதலில் எழுந்து பஞ்சாரத்துப் பக்கத்தில் உட்காருங்கள். கூட்டத்தோடு சேர்ந்து கொத்தித் தின்றால் சேர்த்துக்கொண்டுவிட்டது. தலையில் ஒரு கொத்து விழுந்தாலும் எடுத்துவிடுங்கள், இன்னும் இரண்டு வாரம் அட்டைப்பெட்டிதான். துணைக்கு அதே ஈட்டில் இன்னொரு குஞ்சையும் பிடித்துப் போடுங்கள், தனியாகக் கிடந்தால் கத்தியே இளைத்துவிடும்.