கோழிக்கு அன்ரிபயோட்டிக் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வளவில் ஊர்க்கோழிகள் வளர்க்கிறோம். போன மாரியோடு பாதிக்கு மேல் செத்துவிட்டன. முதல் நாள் தூங்கிக்கொண்டு நின்றவை, பிறகு பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகி விழுந்தன. கால்நடை வைத்தியர் அலுவலகம் தூரம், பஸ்ஸும் ஒழுங்கில்லை. பாமசியில் அன்ரிபயோட்டிக் கொஞ்சம் வாங்கி வைத்தால் வருத்தம் தொடங்கின உடனே கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். எதை வாங்கி வைப்பது, ஐயா?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: ஒன்றையும் வாங்கி வைக்காதீர்கள், தங்கச்சி. பச்சைக் கழிச்சல், கழுத்து முறுகல், அடுத்தடுத்துச் சாவு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பெரும்பாலும் இராணிக்கெற், அதாவது நியூகாசில் நோய்தான். அது வைரஸ். அன்ரிபயோட்டிக் பக்ரீரியாவைத்தான் கொல்லும், ஆகவே வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்திருந்தாலும் அந்தக் கோழிகள் செத்துத்தான் இருக்கும்.

கோழி அம்மையும் வைரஸ்தான். குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் கொக்சிடியோசிஸ், குடலில் வளரும் வேறொரு நுண்ணுயிர், அதற்கு மருந்தே வேறு. மூக்கால் நாற்றத்தோடு சளி வடிந்து முகம் வீங்கினால் பக்ரீரியாவாக இருக்கலாம், அங்கே அன்ரிபயோட்டிக் தேவைப்படும்தான். ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். தூங்கி விழுகிற கோழியைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித்தானே தெரியும்!

மனிசருக்குக் கொடுத்து மிஞ்சின கப்சூலை உடைத்துப் போடுகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. ஒன்றரைக் கிலோக் கோழிக்கு 500 மில்லிகிராம் கப்சூலில் எத்தனை பங்கு என்று யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்? அளவு குறைந்தால் பலவீனமான கிருமி சாகும், தாங்கக்கூடியது மிஞ்சிப் பெருகும். அமொக்சிசிலின், ரெட்ராசைக்கிளின் எல்லாம் நாங்களும் குடிக்கிற மருந்துகள். கோழிக்கூட்டில் பழகின கிருமி, கூடு கூட்டுகிற பிள்ளைக்கு வந்தால் அதே மருந்து கேட்காது.

இன்னொன்று, தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெக்கையில் கிடந்த தூள் எவ்வளவு வேலை செய்யும்? ரெட்ராசைக்கிளின் வகை சூட்டிலும் வெளிச்சத்திலும் பழுதாகும். கேத்தலில் வெள்ளையாகப் படியும் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால், அதிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. போதாததற்கு, வருத்தம் வந்த கோழி தண்ணீரே சரியாகக் குடிக்காது.

சரி, காசை எங்கே போடுவது? இராணிக்கெற் தடுப்பு மருந்தில். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குக் காணும், கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால்தான் தனி வீட்டுக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. ஒழுங்கையில் உள்ள எல்லாருமாகச் சேர்ந்து, மாரிக்கு முன்பே வைத்தியர் அலுவலகத்துக்குப் போன் எடுத்து நாள் கேளுங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, நல்லாய் நிற்கிற கோழிகளுக்கு மட்டும் போடுங்கள். ஒருமுறையோடு முடியாது, அடுத்தது எப்போது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைக்கத்தான் வேண்டுமென்றால் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி உப்புத்தூள் இரண்டு பக்கற், காயத்துக்குப் போடும் அயடீன், ஒரு தனிக்கூடு. அந்தக் கூடுதான் பெரிய மருந்து. சந்தையில் வாங்கின சேவலை அன்றைக்கே மற்றக் கோழிகளோடு விடுவதால்தான் பாதி வருத்தம் வருகிறது, இரண்டு மூன்று கிழமையாவது தள்ளி வையுங்கள். கோழி செத்தால் வெறுங்கையால் தொடாமல் பையில் கட்டி, உடனே அலுவலகத்துக்குப் போன் எடுங்கள். கொண்டுவரச் சொன்னால் ஐஸோடு அன்றைக்கே கொண்டுபோங்கள், வெட்டிப் பார்த்தால் என்ன நோயென்று தெரியவரும். மற்றச் செத்த கோழிகளை ஆழமாகப் புதையுங்கள். கறி வைக்காதீர்கள்!

கேள்வி: வைத்தியர் எழுதித்தந்த அன்ரிபயோட்டிக்கைக் கோழிகளுக்குக் கொடுக்கிறோம். முட்டையை அவித்துச் சாப்பிடலாமா?
வாசகர், மாங்குளம்

பதில்: கூடாது, தம்பி. அவித்தால் மருந்து முழுக்கப் போய்விடும் என்று நம்ப ஏலாது. மருந்து முடிந்த பிறகும் முட்டைக்கு இத்தனை நாள், இறைச்சிக்கு இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, மருந்துக்கு மருந்து மாறும். முட்டையிடும் பேடுகளுக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளும் இருக்கின்றன. வைத்தியரிடம் கேட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். கோழி தேறினதுபோல் தெரிந்தாலும் சொன்ன நாள் வரைக்கும் மருந்தைக் கொடுங்கள். முட்டைக்குச் சொன்ன நாள் கணக்கு முடியும் வரை வரும் முட்டைகளைக் கடைக்கும் கொடுக்க வேண்டாம்.