ஸ்காட்லாந்து பீர் ஆலைகளின் பழைய லேபிள், கேன், கண்ணாடி: கேள்வி பதில்

கேள்வி: ஒரே கட்டாக மூன்று “யங்கர்” பீர் லேபிள்கள் வந்தன. இரண்டில் எடின்பரோ, ஒன்றில் அலோவா என்று இருக்கிறது. ஒரே கம்பெனியின் கிளைகளா, சார்?

பதில்: இல்லை, மூன்றும் வேறு வேறு கம்பெனிகள். ஸ்காட்லாந்து சேகரிப்பில் அதிகக் குழப்பம் இங்கேதான் வருகிறது. வில்லியம் யங்கர் எடின்பரோவின் ஹோலிரூட் பகுதியில் இருந்த ஆலை. 1749-இல் தொடங்கியதாகத் தன் லேபிளிலேயே போட்டுக்கொண்டது. ராபர்ட் யங்கரும் எடின்பரோதான், ஆனால் செயின்ட் ஆன்ஸ் ஆலை. ஜார்ஜ் யங்கர் அலோவா ஊரின் கேண்டில்ரிக்ஸ் ஆலை.

போய்ச் சேர்ந்த இடமும் வேறு. வில்லியம் யங்கர் 1931-இல் எடின்பரோவின் இன்னொரு ஆலையான மெக்யூவனோடு இணைந்து ஸ்காட்டிஷ் புரூவர்ஸ் ஆனது. ராபர்ட் யங்கரை 1960 வாக்கில் அந்த ஸ்காட்டிஷ் புரூவர்ஸே வாங்கியது. ஜார்ஜ் யங்கர் யுனைடெட் கலிடோனியன் என்ற கம்பெனி வழியாக 1966-இல் டென்னண்ட் கலிடோனியன் கம்பெனிக்குள் போனது. அதனால் “யங்கர்” என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, முதல் பெயரையும் அடியில் இருக்கும் ஊர்ப் பெயரையும் வைத்துப் பிரித்து அடுக்குங்கள்.

கேள்வி: 1931-லேயே இணைந்துவிட்டார்கள் என்றால் அதற்குப் பிறகும் மெக்யூவன், யங்கர் என்று தனித்தனி லேபிள் ஏன்? காலத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: கம்பெனிதான் இணைந்தது, வாடிக்கையாளரின் விசுவாசம் இணையவில்லை. மெக்யூவன் கேட்பவருக்கு யங்கர் கொடுத்தால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் இரண்டு பெயரும், இரண்டு சின்னமும் (மெக்யூவனின் சிரிக்கும் குதிரைவீரர், யங்கரின் தாடிக்காரக் கிழவர் ஃபாதர் வில்லியம்) பல பத்தாண்டுகள் ஓடின. 1960-இல் நியூகாசில் புரூவரீஸ் சேர்ந்து ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் ஆன பிறகும் அப்படியே.

காலக் கணிப்புக்குப் படத்தை விட்டுவிட்டு லேபிளின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். “பி.எல்.சி.” (பப்ளிக் லிமிடெட் கம்பெனி) என்று இருந்தால் பிரிட்டனின் 1980 கம்பெனிச் சட்டத்துக்குப் பிந்தையது. முகவரியில் அஞ்சல் குறியீடு இருந்தால் பெரும்பாலும் 1970களோ அதற்குப் பிறகோ. பார்கோடு இருந்தால் 1970களின் கடைசிக்கு முன்னால் போகாது. ஆல்கஹால் சதவீதம் அச்சிட்டிருந்தால் 1980களின் கடைசியிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: இவை எல்லாம் “இதற்கு முன்னால் இருக்க முடியாது” என்று மட்டுமே சொல்லும். பார்கோடு இல்லாததால் பழையது என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள். இணைப்புக்குப் பிறகும் பழைய அச்சுக் கையிருப்பை ஆலைகள் தீர்க்கவே பார்க்கும்.

பழகுவதற்கு நல்ல பாடம் ஸ்வீட்ஹார்ட் ஸ்டவுட் என்ற கருநிற பீர். 1958-இல் ஜார்ஜ் யங்கர் வெளியிட்டது. நடிகை வெனீஷியா ஸ்டீவன்சனின் முகம் லேபிளில் இருக்கும். ஆலை கைமாறிய பிறகும் அதே முகம். மாறியது அடிவரியில் இருக்கும் கம்பெனிப் பெயர் மட்டும். நாலைந்து லேபிள்களை வரிசையாக வைத்தால் இணைப்பு வரலாறே அந்த ஒரு வரியில் தெரியும்.

கேள்வி: டியூக்கர்ஸ் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) பீரின் மேட், அதாவது கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை, இருக்கிறது. ராபர்ட் டியூக்கர் ஆலையின் பொருள் என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆலை எப்போதோ மூடிப்போனது. அந்தப் பெயரை எடுத்து வைத்து பீர் வடித்தது எடின்பரோவின் கலிடோனியன் ஆலை. 2002-இல் பிரிட்டனின் சாம்பியன் பீர் விருது வாங்கியது இந்த பீர்தான். மேட்டை கலிடோனியன் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழியாமல் எடுப்பது எப்படி?

பதில்: முதலில், அந்தப் பாட்டிலே அபூர்வமானதா என்று பாருங்கள். ஆலைப் பெயர் கண்ணாடியிலேயே புடைப்பாக வார்த்த பாட்டில், உள்ளே திருகும் ரப்பர் மூடியோடு இருந்தால், லேபிளைத் தொடாதீர்கள். சேர்ந்திருப்பதற்குத்தான் மதிப்பு.

சாதாரண பாட்டில் என்றால், உள்ளே வெதுவெதுப்பான நீரை நிரப்பி, அதே சூட்டு நீர் உள்ள வாளியில் முழுக வையுங்கள். கை பொறுக்கும் சூடு, சுமார் 40 டிகிரி போதும். கொதிநீர் ஊற்றினால் பழைய கண்ணாடி விரிசல் விடும், சிவப்பு மை கசியும், பொன்நிறத் தூள் உதிரும். பழைய பசை ஓரிரு மணி நேரத்தில் இளகும். பிடிவாதமானதை இரவு முழுக்க விடலாம். தானாக நழுவினால்தான் எடுக்க வேண்டும். மூலை தூக்கி நடுவில் பிடித்துக்கொண்டால் திரும்ப நீரில் விடுங்கள்.

எடுத்ததும் பின்பக்கப் பசையை நல்ல நீரில் விரலால் வழித்துவிடுங்கள். பசை மிச்சமிருந்தால் காயும்போது தாளோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வெள்ளை ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம். செய்தித்தாள் கூடாது, மை ஏறிவிடும். ஆல்பத்துக்கு பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை. பி.வி.சி. உறையிலிருந்து கசியும் பொருள் சில ஆண்டுகளில் அச்சை உறையோடு ஒட்டவைத்துவிடும். ஓரம் ஒழுங்காக இல்லை என்று கத்தரிக்காதீர்கள்.

கேள்வி: பப் கண்ணாடி (மதுக்கடைச் சுவரில் ஆலைப் பெயரோடு மாட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி) ஒன்று விலைக்கு வருகிறது. அசலா?

பதில்: 1970களிலிருந்து நகல்கள் ஏராளம். பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஹார்ட்போர்டு, ஸ்டேப்பிள் ஊசி இருந்தால் சந்தேகப்படுங்கள். பழையதில் கருத்துப்போன மரப்பலகையும் ஆணியும் இருக்கும். பென்சில் முனையைக் கண்ணாடியில் வையுங்கள்: முனைக்கும் பிம்பத்துக்கும் நல்ல இடைவெளி இருந்தால் தடித்த பழைய கண்ணாடியாக இருக்கலாம். எழுத்து அரித்து வெட்டிப் பொன் ரேக்கு வைத்ததா, தட்டையாக அச்சடித்ததா என்று சாய்த்து ஒளியில் பாருங்கள். துடைக்கும் திரவத்தை நேராகத் தெளித்தால் சட்டத்துக்குள் இறங்கி ரசம் கருக்கும். துணியில் நனைத்துத் துடையுங்கள். கருத்த ரசத்தைப் புதுப்பிக்கவும் வேண்டாம்.

கேள்வி: டென்னண்ட் பீர் கேன்களில் பெண்கள் படம் போட்டவை பழையவையா?

பதில்: 1960களில் தொடங்கி 1991 வரை வந்தவை. அதற்கு முன்னால் ஸ்காட்லாந்துக் காட்சிகள் அச்சிட்டார்கள். தேடுபவர்களுக்கு அவைதான் அரிது.

நிரம்பிய கேனை அப்படியே வைக்காதீர்கள். பீர் அமிலம் உள்பூச்சு விட்டுப்போன இடத்தில் தகரத்தை அரித்து, ஒருநாள் பக்கத்துக் கேன்களையும் சேர்த்து நாசம் செய்யும். அடிப்பக்கத்தில் இரண்டு சிறு துளையிட்டு வடித்து, மூன்று தடவை நீர் விட்டு அலசி, துளை கீழே இருக்குமாறு சில நாள் காயவிடுங்கள். மேல் வளையத்தை இழுக்கவே கூடாது.

கேள்வி: “இந்தியா பேல் ஏல்” என்று இருந்தால் இந்தியாவில் விற்றதா?

பதில்: அது பீர் வகையின் பெயர், எடின்பரோக்காரர்களே அதைக் குடித்தார்கள். ஏற்றுமதியானது என்று சொல்ல, லேபிளிலோ கழுத்துப் பட்டையிலோ இறக்குமதியாளர் பெயரோ வெளிநாட்டுத் துறைமுகத்தின் பெயரோ இருக்க வேண்டும்.