வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு வார்ட்ரோப் எப்படி அமைக்கறது?

பக்கவாதம் வந்து அப்பா வீல்சேர்ல உக்காந்த பிறகுதான் எங்க வீட்டு அலமாரி நிக்கறவங்களுக்கு மட்டும்தான் செஞ்சதுன்னு எனக்கு உறைச்சது. ஒரு நாள் ரூமுக்குள்ள போறேன், அப்பா இடது கையில ஒரு குச்சிய புடிச்சு மேல ராட்ல தொங்கற சட்டைய நெம்பி நெம்பி தள்ளிட்டு இருக்கார், கேட்டா நீலச் சட்டை வேணுமாம், விழுந்தது வெள்ளை, அது மடியில கெடக்கு. "கூப்பிட்டிருக்கலாமேப்பா"ன்னேன். "ஒரு சட்டைக்குமாடா உன்ன கூப்பிடணும்"னார். எனக்கு பேச்சே வரல.

அதனால டிசைன் போட்டோ பாக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப்பும் பென்சிலும் எடுத்துக்கோங்க. அவங்க சேர்ல உக்காந்தபடியே, எக்காம, சாயாம கை மேல எதுவரை போகுது கீழ எதுவரை போகுதுன்னு பாத்து சுவர்லயே கோடு போட்டுடுங்க. அமெரிக்காவோட 2010 ஏடிஏ ஸ்டாண்டர்ட்ல (மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி கட்டறதுக்கான அளவு விதி) தரையிலேர்ந்து 15 இன்ச் முதல் 48 இன்ச் வரைக்கும்னு இருக்கு, ஆனா அப்பாவுக்கு 44க்கு மேல தோள் வலிக்குது, அதனால ராட் 44லதான் மாட்டினோம். தினமும் எடுக்கற துணி, மாத்திரை, கண்ணாடி, துண்டு எல்லாமே அந்த ரெண்டு கோட்டுக்குள்ள வந்துடணும், பரணுக்கு போறது வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கற சாமான் மட்டும்தான்.

கதவு விஷயத்துல நான் ரொம்ப அடிபட்டேன். முதல்ல ஸ்லைடிங் போட்டோம், கீழ இருந்த ட்ராக்ல முன்சக்கரம் இடிச்சுது, எப்பவும் பாதி அலமாரி மூடியே வேற இருக்கும். கழட்டிட்டு திரை போட்டாச்சு, நிம்மதி. டிராயர்ல உருண்டை குமிழ் வேண்டவே வேண்டாம், இங்கிலீஷ் D எழுத்து மாதிரி வளைஞ்ச கைப்பிடி போடுங்க. கைய முஷ்டியா மூடிக்கிட்டு இழுத்துப் பாருங்க, திறந்தா சரி. டிராயர் ஓடற சேனல் ஃபுல் எக்ஸ்டென்ஷனா, அதாவது டிராயர் முழுசா வெளிய வர்ற மாதிரி இருந்தா கடைசில கெடக்கற சாக்ஸ் கூட கண்ணுக்குத் தெரியும். இழுத்தா கீழ இறங்கி வர்ற ராட் ஒண்ணும் வாங்கிப் பாத்தோம், ரெண்டு கையிலயும் பலம் இருக்கறவங்களுக்கு அருமையான சாமான், ஒரு கையால இழுக்கறவருக்கு அந்த ஸ்பிரிங் ரொம்ப முரடு.

அலமாரி முன்னாடி சேர் முழுசா திரும்ப 5 அடிக்கு 5 அடி காலி இடம் விடுங்க, கட்டில் போடறப்பவே இத யோசிக்கணும். சேர அலமாரிக்கு நேரா கொண்டு வந்து நிறுத்தறவங்களா இருந்தா அடியில 9 இன்ச் உயரம், 6 இன்ச் ஆழத்துக்கு பலகைய உள்ள தள்ளி வைங்க, ஃபுட்ரெஸ்ட் அதுக்குள்ள போயிடும், இல்லேன்னா முட்டிக்கிட்டு கை எட்டாது.

அப்புறம் தட்டுகள ஆணியடிச்சு நிரந்தரமா வைக்காம, ரெண்டு பக்கமும் வரிசையா ஓட்டை போட்டு பின் மேல உக்காரற மாதிரி செய்யச் சொல்லுங்க. அப்பாவுக்கு இப்ப பிசியோதெரபில தோள் கொஞ்சம் தூக்க வருது, போன மாசம்தான் ஒரு தட்ட ரெண்டு ஓட்டை மேல ஏத்தினோம்.