பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதுமா?

கேள்வி (மதுரை): ஐயா, நான் வேலைக்குப் போகிறவள். தினமும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை. தேனீ, பட்டாம்பூச்சி வர என்ன வைக்கலாம்?

பதில்: தரையில் இடமிருந்தால் முதலில் ஆவாரை. விதைத்தோல் கெட்டியானது, லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து, புரட்டாசிக் கடைசியில் ஊன்றிவிடுங்கள். ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் காட்டினால் போதும். பூத்த பிறகு ஒரு காலை வேளையில் பக்கத்தில் நின்று பாருங்கள். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ பூவை இறுகப் பற்றிக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிரும். ஆவாரை மகரந்தப்பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு. அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். அதில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காகவே வருகிறது.

கேள்வி (திருச்சி): கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: தயவுசெய்து எதுவும் அடிக்காதீர்கள். அது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கிடக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. செடி மறுபடி துளிர்க்கும். தேன் குடிக்கப் பூ வைத்தால் பட்டாம்பூச்சி வந்து போகும். புழு தின்ன இலை வைத்தால்தான் தங்கும். செடி மிகச் சிறியதென்றால் புழுவை எலுமிச்சைக்கு மாற்றுங்கள், அதையும் தின்னும்.

கேள்வி (சென்னை): மொட்டைமாடியில் தொட்டிகள்தான் இருக்கின்றன.

பதில்: துளசி, தும்பை. துளசிக் கதிரைக் கிள்ளாமல் விடுங்கள், கொசுத்தேனீ வரும். அது கொட்டாது, குழந்தைகள் பயப்பட வேண்டாம்.

கேள்வி (கோவை): உன்னிச்செடியில் நிறைய பட்டாம்பூச்சிகள் வருகின்றனவே?

பதில்: வருகின்றன. ஆனாலும் வேண்டாம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அது நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் பரப்பிவிடும். அந்த இடத்தில் நொச்சிப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) ஒன்று நடுங்கள். ஆடுகூட அதை அவ்வளவாகத் தொடாது.

கேள்வி (தஞ்சாவூர்): வேலியோரம் தானாக வந்த எருக்கை வெட்டிவிடலாமா?

பதில்: விட்டுவையுங்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, வெயில் படும் கொஞ்சம் வெறுமண்ணைக் கல் பாவாமல் விடுங்கள். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் தேனீக்கள் பல உண்டு.