மஸ்தா கார்களுக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது?

டொயோட்டா விற்கும் கார்களில் சுமார் எட்டில் ஒரு பங்கே விற்கும் மஸ்தாவைப் பற்றிக் கார் ரசிகர்கள் இத்தனை மரியாதையுடன் பேசுவது ஏன், அந்தப் பெயருக்கு அது தகுதியானதுதானா, இந்தியாவில் அதன் கார்களை ஏன் காண முடிவதில்லை என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் மஸ்தா 6 ஒன்றை ஓட்டியவன் என்பதாலும், அந்நிறுவனத்தின் வரலாற்றை ஆர்வத்தோடு படித்துவருபவன் என்பதாலும் இதற்குப் பதில் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மஸ்தாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவை ஒரு வகைக் கார்கள், சோறு போட்டவை வேறு வகைக் கார்கள். இந்த இரண்டுக்கும் இடையே இருந்த இழுபறிதான் அதன் வரலாறு.

நிறுவனம் 1920-இல் ஹிரோஷிமாவில் தொடங்கியபோது அதற்குக் காரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 'டோயோ கார்க் கோக்யோ' என்ற பெயரில் தக்கை தயாரித்துக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியை, இளமையில் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகிய ஜூஜிரோ மட்சுதா அடுத்த ஆண்டே ஏற்றுக்கொண்டு, இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையாகப் படிப்படியாக மாற்றினார். 1931-இல் வந்த 'மஸ்தா-கோ' என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டிதான் அவர்களுடைய முதல் வாகனம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வகை வண்டிகளை நம்பியே நிறுவனம் நடந்தது. முதல் பயணிகள் கார் 1960-இல் வந்த ஆர்360 கூப்பே என்ற குட்டிக் கார்.

1945 ஆகஸ்ட் 6 அன்று, மட்சுதாவின் எழுபதாவது பிறந்த நாளில், அவருடைய ஊரின் மேல் அணுகுண்டு விழுந்தது. தொழிற்சாலை வெடிப்பு மையத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஹிஜியாமா என்ற சிறு குன்றின் மறைவில் இருந்ததால் பெருஞ்சேதத்திலிருந்து தப்பியது. நகரத்தில் அலுவலகக் கட்டடங்களே மிஞ்சாத நிலையில், மாகாண நிர்வாகம் அடுத்த ஆண்டு வரை மஸ்தாவின் கட்டடத்திலிருந்துதான் இயங்கியது. நான்கே மாதங்களில், அந்த டிசம்பரிலேயே, மூன்று சக்கர வண்டி உற்பத்தி மீண்டும் தொடங்கிவிட்டது. ஹிரோஷிமா மக்களுக்கு மஸ்தாவின் மேல் இருக்கும் பாசத்தை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. அந்நகரத்துப் பேஸ்பால் அணியின் பெயரில் இருக்கும் 'டோயோ' என்ற சொல்கூட இந்த நிறுவனத்தின் பழைய பெயரிலிருந்து வந்ததுதான்.

இனி ரோட்டரி எஞ்சினுக்கு வருவோம். மஸ்தா அதைத் தேர்ந்தெடுத்தது முழுக்க முழுக்கப் பொறியியல் ஆர்வத்தால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அதைப் பாதி உண்மை என்றே கருதுகிறேன். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் வர்த்தக, தொழில்துறை அமைச்சகம், நாட்டில் கார் நிறுவனங்கள் அளவுக்கு மீறி இருப்பதாகவும் அவற்றைச் சில குழுக்களாகத் திரட்ட வேண்டும் என்றும் திட்டமிட்டது. அப்படி நடந்தால் ஹிரோஷிமாவின் இந்தச் சிறிய கம்பெனி பெரிய நிறுவனம் ஒன்றுக்குள் கரைந்துபோயிருக்கும். வேறு எவரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் கையில் இருந்தால்தான் தனித்து நிற்க முடியும் என்று ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுதா கணக்குப் போட்டு, ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடமிருந்து ஃபெலிக்ஸ் வாங்கலின் ரோட்டரி எஞ்சினுக்கான உரிமத்தை 1961-இல் பெற்றார்.

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில், விளிம்புகள் சற்றே வளைந்த ஒரு முக்கோணச் சுழலி, இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற அறைக்குள் சுற்றிவரும். சுழலியின் மூன்று பக்கங்களுக்கும் அறைச்சுவருக்கும் நடுவில் உள்ள இடம் சுற்றச் சுற்ற விரிந்து சுருங்குவதால், காற்றை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளும் தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். வால்வுகள் இல்லை; பாகங்கள் குறைவு; எடை குறைவு; அதிர்வு மிகக் குறைவு. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத எஞ்சின். சிக்கல் முழுவதும் முக்கோணத்தின் மூன்று முனைகளில், கசிவைத் தடுக்கப் பதித்திருக்கும் சீல்கள் என்ற அடைப்புப் பட்டைகளில்தான் இருந்தது. அவை அறைச்சுவரை இடைவிடாமல் உரசிக்கொண்டே போக வேண்டும், ஆனால் சுவரைத் தேய்க்கக் கூடாது. ஜெர்மனியிலிருந்து வந்த மாதிரி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, அந்த முனைகள் அதிர்ந்து குதித்துச் சுவரெங்கும் வரிவரியாகத் தழும்புகளை உண்டாக்கின. மஸ்தா பொறியாளர்கள் அவற்றைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்கள்.

1963-இல் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட தனி ஆராய்ச்சிப் பிரிவு அமைக்கப்பட்டது. தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்களின் பழங்கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும் என்பதால், அந்தப் பெயரே இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கீறலுக்குக் காரணம் சீலின் இயல்பான அதிர்வெண் என்று கண்டறிந்து, உள்ளே துளைகளிட்ட உலோகச் சீல்களால் அந்த அதிர்வை மாற்றிக் காட்டினார்கள். பின்னர் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்களை உருவாக்கி உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் கசிந்து எரிந்து வெள்ளைப் புகை கக்குவது போன்ற மற்ற தொல்லைகளையும் ஒவ்வொன்றாகத் தீர்த்த பின், 1967 மே மாதத்தில் கோஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. இரண்டு சுழலிகள் கொண்ட அதன் எஞ்சின் ஒரு லிட்டர் கொள்ளளவுகூட இல்லாமல் 110 குதிரைசக்தி தந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 84 மணி நேரம் இடைவிடாமல் நடந்த போட்டியில் அந்தக் கார் நான்காவதாக வந்தது. உரிமம் கொடுத்த என்எஸ்யூவோ, தன் ரோ 80 காரின் எஞ்சின்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தே நலிந்து, 1969-இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இதே உரிமத்தை வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் பின்னர் கைவிட்டுவிட்டன. மஸ்தாவின் பெயருக்கு அடித்தளம் இதுதான் என்பேன்.

ஆனால் ரோட்டரிக்குப் பெட்ரோல் அதிகம் தேவை. எரியறை நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் எரிபொருளில் ஒரு பகுதி சரியாக எரியாமலே வெளியேறும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ரோட்டரி கார்களை நம்பி அமெரிக்கச் சந்தையில் கால் வைத்திருந்த மஸ்தா நிலைகுலைந்தது. நகர ஓட்டத்தில் லிட்டருக்கு நான்கு, நாலரை கிலோமீட்டர்தான் கிடைக்கிறது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட கணக்கு விற்பனையைச் சரித்தது. சுமிட்டோமோ வங்கி தலையிட்டு நிர்வாகத்தைக் கண்காணிக்கத் தொடங்கியது. தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்காமல் ஆயிரக்கணக்கில் விற்பனையகங்களுக்கு அனுப்பிக் கார் விற்கச் செய்தார்கள். தலைமைப் பொறுப்பு மட்சுதா குடும்பத்தின் கையை விட்டுப் போனது. காப்பாற்றியது, சாதாரணப் பிஸ்டன் எஞ்சின் கொண்ட ஃபமிலியா என்ற குடும்பக் கார். 1980-இல் வந்த அதன் அடுத்த தலைமுறைதான் ஜப்பானின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதை முதன்முதலில் பெற்றது. சோறு போட்ட கார் என்று நான் சொன்னது இதைத்தான். ஃபோர்டு நிறுவனமும் 1979-இல் ஏறத்தாழ 25 விழுக்காடு பங்குகளை வாங்கிக் கைகொடுத்தது.

ரோட்டரியை அப்போதே தலைமுழுகியிருக்கலாம். அதைச் செய்யாமல், எரிபொருள் சிக்கனத்தை 40 விழுக்காடு உயர்த்திக் காட்டுவதாக இலக்கு வைத்து உழைத்து, 1978-இல் ஆர்எக்ஸ்-7 என்ற விளையாட்டுக் காரைக் கொண்டுவந்தார்கள். குடும்பக் காருக்குப் பொருந்தாத எஞ்சினை விளையாட்டுக் காருக்கென்று ஒதுக்கியதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனமான முடிவு.

1991-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு சுழலி எஞ்சின் பொருத்திய 787பி கார் வென்றது. அங்கே ஒரு ஜப்பானிய நிறுவனம் பெற்ற முதல் வெற்றி அது. டொயோட்டா அதே வெற்றியைப் பெற 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. ஜாகுவாரும் மெர்சிடீஸும் 1000 கிலோ எடையோடு ஓட வேண்டியிருந்தபோது, மஸ்தா அணி விதிமுறையில் வாதாடிப் பெற்ற சலுகையால் 830 கிலோவோடு ஓடியது. ஆனால் அந்த 24 மணி நேரமும் எஞ்சின் சிணுங்காமல் ஓடியதற்கு எந்தச் சலுகையும் காரணமில்லை. கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் களைப்பில் மயங்கி விழுந்ததால், வெற்றி மேடையில் ஏற முடியவில்லை.

பரவலான மக்களிடம் மஸ்தாவைக் கொண்டுசேர்த்தது ரோட்டரி அன்று, 1989-இல் வந்த எம்எக்ஸ்-5. கூரையை மடக்கக்கூடிய, இரண்டே இருக்கை கொண்ட, ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள எளிய கார் அது. இத்தகைய கார்களைச் செய்துவந்த பிரிட்டிஷ் நிறுவனங்கள், துருவாலும் மின்கோளாறுகளாலும் பெயர் கெட்டு அந்தத் தொழிலையே கைவிட்டிருந்த நேரத்தில், அதே சுகத்தை நம்பகமான ஜப்பானியப் பாகங்களோடு மஸ்தா கொடுத்தது. 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. 225 குதிரைசக்தி இருந்தால்தான் ஓட்டுவதில் இன்பம் என்று நினைப்பவர்களுக்கு, அதில் பாதி சக்தியுள்ள இந்தக் கார் நல்ல பதில்.

அதே ஆண்டுகளில் நிர்வாகம் ஜப்பானில் ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களைத் தொடங்கிப் பணத்தைக் கரைத்ததும், அமட்டி என்ற சொகுசுப் பிரிவை வெளியிடும் முன்பே 1992-இல் கைவிட்டதும் தனிக்கதை. விளைவு, 1996-இல் ஃபோர்டின் பங்கு 33.4 விழுக்காடாக உயர்ந்தது. ஹென்றி வாலஸ் ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றின் முதல் வெளிநாட்டுத் தலைவரானார்.

2008-இல் தன் நெருக்கடியைச் சமாளிக்க ஃபோர்டு பங்குகளை விற்கத் தொடங்கியபோது, மஸ்தா மறுபடியும் தனியாளானது. எல்லோரும் டர்போவுக்கும் ஹைப்ரிடுக்கும் மாறிய அந்த நேரத்தில், அவர்கள் சாதாரணப் பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதத்தை, அதாவது எரியும் முன் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு சுருக்கப்படுகின்றன என்ற அளவை, 14:1 வரை உயர்த்தினார்கள். அந்த அளவில் எரிபொருள் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டும் என்பது பொதுவான அச்சம். சூடான புகை அறைக்குள் தங்காமல் விரைவாக வெளியேற நீண்ட புகைக்குழாய்களை அமைத்து அதைத் தடுத்தார்கள். ஸ்கைஆக்டிவ் என்ற பெயரில் வந்த இந்தத் தொழில்நுட்பத்தை முழுமையாகக் கொண்ட முதல் காரான சிஎக்ஸ்-5, 2012 முதல் நிறுவனத்தைத் தாங்கி வருகிறது. 2017-இல் டொயோட்டா சுமார் 5 விழுக்காடு பங்கு வாங்கியதும், இருவரும் சேர்ந்து அலபாமாவில் தொழிற்சாலை கட்டியதும் இதற்குப் பின் நடந்தவை.

தகுதியான பெயர்தானா என்றால், பெரும்பாலும் ஆம் என்பேன். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஓட்டுநரின் மனம் அறிந்ததுபோல் நடந்துகொள்வதை, நான் ஓட்டிய காரில் நாள்தோறும் உணர்ந்தேன். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2020-இல் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் மஸ்தா முதலிடம் பிடித்தது. அதே வேளையில், சாலைகளில் உப்புத் தூவும் குளிர்நாடுகளில் 2000-களின் மஸ்தாக்கள் துருப்பிடிப்பதில் பெயர்பெற்றவை. கடைசி ரோட்டரி விளையாட்டுக் காரான ஆர்எக்ஸ்-8-இன் எஞ்சினுக்கு அமெரிக்காவில் உத்தரவாதத்தை எட்டு ஆண்டுகளாக நீட்டிக்க வேண்டியிருந்தது. 2024-இல் சான்றளிப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டு சில மாடல்களின் உற்பத்தியை நிறுத்தவும் நேர்ந்தது.

இந்தியாவில் மஸ்தா என்ற பெயர் நமக்கு அறிமுகமானது காரால் அன்று, 1980-களில் பஞ்சாபில் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய ஸ்வராஜ் மஸ்தாவின் வேன்களாலும் சிறு லாரிகளாலும்தான். மஸ்தா விலகிய பின் அந்நிறுவனம் 2011-இல் எஸ்எம்எல் இசுசு ஆகிவிட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த முதல் தலைமுறை என்டெவர், மஸ்தாவின் பிக்கப் வண்டியோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட கார் என்பது பலருக்குத் தெரியாது. விலைப்போட்டி கடுமையான நம் சந்தையில் இவ்வளவு சிறிய நிறுவனம் தனியாக ஆலை கட்டி ஈடுகட்டுவது கடினம். டொயோட்டா இங்கே ஏற்கெனவே சுசூகியோடு கைகோத்திருப்பதால், மஸ்தா வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு பழைய மஸ்தா வாங்க நினைக்கும் வாசகர்கள் 2012-க்குப் பிந்திய மாடல்களைப் பார்க்கலாம். ஆர்எக்ஸ்-8 மேல் ஆசை வந்துவிட்டால், ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் எஞ்சினின் கம்ப்ரஷனைச் சோதித்த அறிக்கையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.