யூரிக் அமிலத்துக்கு நாவல் பழம் ஆகுமா? கேள்வி பதில்

பாலக்கோடு வாசகி: அக்கா, எங்கள் வீட்டுக்காரருக்குக் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிறார். யூரிக் அமிலம் 8.4. செர்ரி சாப்பிட்டால் சரியாகுமா?

முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கம்மா. ஏற்கெனவே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வலி வந்ததும் அதை நிறுத்திவிடக் கூடாது. 8.4-ஐ 6-க்குக் கீழே இறக்கப் பழம் மட்டும் போதாது.

செர்ரி பற்றிச் சொல்வது வெறும் பேச்சு இல்லை. 2012இல் அமெரிக்காவில் 633 கவுட் (யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கி வலிக்கும் நோய்) நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரண்டு நாள் செர்ரி சாப்பிட்டபோது வலி திரும்பும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. அலோபியூரினாலும் சேர்ந்தபோது 75 சதவீதம். ஆனாலும் செர்ரிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆகவே பழம் மாத்திரைக்குத் துணைதான்.

பென்னாகரம் வாசகர்: செர்ரிக்கு நாங்கள் எங்கே போவது? ஆடி மாதம் நாவல் பழம்தான் கிடைக்கிறது.

நாவலையே சாப்பிடுங்கள். செர்ரிக்குக் கருஞ்சிவப்பு தருகிற ஆந்தோசயனின்தான் நாக்கை ஊதாவாக்கும் நாவல் தோலிலும் இருக்கிறது. செர்ரி ஆய்வின் கணக்கை நாவலுக்கு ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் தினம் ஒரு கைப்பிடி நல்ல பழம்தான், பலகாரத்துக்குப் பதில் அது இருந்தால் இன்னும் நல்லது. உப்பை மட்டும் அள்ளித் தூவாதீர்கள்.

நெல்லிக்காயும் அப்படித்தான், வைட்டமின் சி நிறைய. பச்சையாகக் கடித்துத் தின்னுங்கள். பாட்டிலில் விற்கும் தேன் நெல்லி வேறு கதை: காயைச் சுற்றி நிற்கும் அந்தப் பாகு முழுக்கச் சர்க்கரை.

காவேரிப்பட்டணம் வாசகர்: ஊரே மாம்பழமாக இருக்கும்போது ஜூஸ்கூடக் குடிக்கக் கூடாதா அக்கா?

கூடாது என்பதுதான் என் பதில். பழச் சர்க்கரையான பிரக்டோஸைக் கல்லீரல் உடைக்கும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. ஜூஸில் இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் இறங்கிவிடும், கூடவே கடைக்காரர் போடும் சர்க்கரை வேறு. பழமாக இரண்டு துண்டு சாப்பிடுங்கள், போதும்.

ஓசூர் வாசகி: ஸ்ட்ராபெர்ரி?

தாராளமாக. ஜாம் வேண்டாம்.

தர்மபுரி வாசகர்: கொள்ளு ரசம், கீரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்த வேண்டாம். காய்கறி, பருப்பில் உள்ள பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. நிறுத்த வேண்டியது ஈரல், நெத்திலிக் கருவாடு, பீர். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.